செய்து வைத்த கேக் லேஸ் ஒடியாமல் வளையும்படி பாதுகாப்பது எப்படி?

கல்யாணக் கேக்கின் மேல் ஒட்டும், சாப்பிடக்கூடிய லேஸ் அலங்காரத்தை முன்கூட்டியே செய்து வைத்ததாகவும், மூன்றாம் நாள் எடுத்தபோது ஒடிந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். இனிமேல் ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்பது உங்கள் கேள்வி. ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கும் வரை அதன் குளிர்காற்று லேஸை உலர்த்தும். வெளியே எடுத்ததும் மேலே நீர் வியர்த்து, மெல்லிய இழைகள் கரையும். ஒரே நாளில் இரண்டு கேடும் நேர்ந்துவிடும்.

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே கேக் செய்து கொடுக்கிறேன். முதல் வருடம் ஆனி மாதத்தில் மெஞ்ஞானபுரத்துக் கல்யாணம் ஒன்றுக்கு மூன்றடுக்குக் கேக் கேட்டார்கள். பெண்ணின் சேலைக் கரையில் இருந்த கொடியைப் போலவே லேஸ் வேண்டும் என்று அவளுடைய அம்மா சேலையையே கொண்டுவந்து காட்டினார். முந்தின நாள் மாலை பன்னிரண்டு பட்டைகளை எடுத்து, மேசையில் பட்டர் பேப்பர் மேல் பரப்பி, மின்விசிறியையும் ஓடவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் ஒரு பட்டையைத் தூக்கினால் நுனியில் இருந்த ஒற்றைப் பூ மட்டும் கையோடு வந்தது. அந்தப் பட்டையின் மீதி, பொரித்த அப்பளம் போல மேசையிலேயே நொறுங்கிக் கிடந்தது.

லேஸ் வளைவது அதற்குள் தங்கியிருக்கும் கொஞ்சம் ஈரத்தால்தான். மாவுப்பொருளும் டைலோஸ் போன்ற பசைப்பொருளும் காய்ந்து மெல்லிய தோலாகின்றன. அந்தத் தோலுக்கு இளக்கம் கொடுப்பது நீர். அந்த நீரைப் போகவிடாமல் பிடித்து வைப்பது குளுக்கோஸ் சிரப்பும் கிளிசரினும். நீர் குறைந்தால் ஒடியும், கூடினால் பிசுபிசுக்கும். பத்தமடையில் பாய் நெய்யும் ஒரு பெரியம்மா கோரையில் அடிக்கடி தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஈரம் போனால் கோரை முறியும், அதிகமானால் பூசணம் பிடிக்கும் என்றார். லேஸ் விஷயத்தில் எனக்கு அதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை.

எனவே பாதுகாப்பு ஓவனிலேயே தொடங்குகிறது. நான் 70 முதல் 80 டிகிரிக்குள் வைத்து, பத்தாவது நிமிடத்திலேயே பார்ப்பேன். கலவையைப் பரப்பிய, பூவேலைப் பள்ளங்கள் கொண்ட சிலிகான் மேட்டின் ஓரத்தில் லேஸை நகத்தால் மெல்லக் கிளப்பினால் ஒட்டாமல் எழும்ப வேண்டும், விரலில் சுற்றினால் சுற்ற வேண்டும். ஒட்டினால் இன்னும் இரண்டு நிமிடம் வைக்கலாம். பயந்துகொண்டு கூடுதலாகக் காய வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அங்கே போன ஈரம், வெறுமனே டப்பாவில் மூடி வைப்பதால் திரும்பி வராது. வீட்டிலேயே கலவை செய்பவர்கள் ஒரு மேட் அளவுக்கு அரை டீஸ்பூன் கிளிசரின் சேர்க்கலாம். உணவுக்கென்று விற்கும் கிளிசரினாக இருக்க வேண்டும்; முகத்தில் பூச வாங்கியதை எடுத்து ஊற்றிவிடாதீர்கள்.

நன்றாக ஆறிய பிறகே எடுத்து வையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். ஒரு லேஸ், ஒரு பட்டர் பேப்பர் என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஜிப் கவரில் போட்டு, உள்ளே இருக்கும் காற்றை உள்ளங்கையால் தள்ளி வெளியேற்றி மூடுவேன். அந்தக் கவரை மூடி இறுக்கமான டப்பாவுக்குள் வைத்து, வெயில் படாத அலமாரியில் வைத்துவிடுவேன். வெளிச்சத்தில் இருந்தால் இளஞ்சிவப்பும் ஊதாவும் வெளுத்துப்போகும். நீளப் பட்டைகளை மடிக்கக் கூடாது. பட்டர் பேப்பர் சுற்றிய அட்டைக் குழலில், பூவேலை வெளியே தெரியும்படி தளர்வாகச் சுற்றுங்கள். சிலிகா ஜெல் பொட்டலத்தைத் தயவுசெய்து உள்ளே போடாதீர்கள், அது இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். இப்படி வைத்த லேஸ் என்னிடம் ஒரு மாதம் வரை வளையும் பதத்திலேயே இருந்திருக்கிறது.

நம் சீமையில் எந்த ஊர், எந்த மாதம் என்பதையும் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கே மலைக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கி வரும் காற்று, திருநெல்வேலிக்கு வரும்போது வறண்டிருக்கும். கயத்தாறு காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் நம் மேசையில் கிடக்கும் லேஸையும் உலர்த்துகிறது. ஆனால் அதே மாதத்தில் தென்காசியில் சாரல் அடிக்கும். அங்கே ஒருமுறை கொண்டுபோன லேஸ் அரை மணி நேரத்தில் பட்டர் பேப்பரோடு ஒட்டிக்கொண்டது. தூத்துக்குடிக் கடற்கரையிலும், ஐப்பசி கார்த்திகை மழையில் எல்லா ஊர்களிலும் இதே பாடுதான். மக்ரூனைக் காற்றுப் படாமல் அடைத்து வைக்கும் தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பிசுபிசுத்தால் மேலே சோள மாவை (கார்ன் ஃப்ளோர்) மெல்லத் தூவித் தட்டிவிடுங்கள், அல்லது குறைந்த சூட்டில் ஓவனில் இரண்டு நிமிடம் காட்டுங்கள்.

காய்ந்து விறைத்துவிட்டால் தூக்கிப் போட வேண்டாம். அந்த மெஞ்ஞானபுரத்துக் கேக்குக்கு மீதிப் பட்டைகளை நான் அப்படித்தான் மீட்டேன். அகலமான டப்பாவின் அடியில் நன்றாகப் பிழிந்த ஈரத்துணி, அதற்கு மேல் உயரமான கம்பி வலை, வலையின் மேல் லேஸ். துணி லேஸில் படவே கூடாது. பட்ட இடம் கரைந்து ஓட்டையாகும். மூடி வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓரத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். குடைபோல விறைத்து நின்ற விளிம்பு மெல்லச் சரிந்து வலையின் மேல் படியும். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். அவசரத்துக்குக் கெண்டி ஆவியில் காட்டுபவர்களும் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஒரு நொடி கூடினாலும் மெல்லிய இழைகள் போய்விடும்.

ஃபாண்டன்ட் எனும் சர்க்கரைப் போர்வை மேல் ஒட்டத் தூரிகையில் துளித் தண்ணீர் போதும். பட்டர் கிரீம் என்றால் அப்படியே பதித்தால் ஒட்டிக்கொள்ளும். விப்பிங் கிரீம் கேக்கானால் லேஸைத் தனி டப்பாவில் மண்டபத்துக்கே கொண்டுபோய், கேக் வெட்டுவதற்குச் சற்று முன் ஒட்டுங்கள். அந்த க்ரீமின் ஈரம் ஒரு மணி நேரம்கூட லேஸை விட்டுவைக்காது.