வால்வு எங்கே, காற்று எங்கே: எஃப்ஆர்சி ரோபோக்களுக்கான கேள்வி பதில்

ரோபோவில் காற்றழுத்தத்தால் இயங்கும் பாகங்களைப் பற்றி, எஃப்ஆர்சி எனப்படும் ஃபர்ஸ்ட் ரோபோடிக்ஸ் போட்டிக்கு (பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டி) மட்டுமான பதில்கள் இவை. விதிப்புத்தகம் ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாக வரும், உங்கள் ஆண்டுக்கானதையும் பார்த்துவிடுங்கள்.

அக்கா, ரோபோவை டிஸேபிள் செய்தவுடன் (இயக்கத்தை நிறுத்தியவுடன்) பிடித்திருந்த பொருளைக் கை விட்டுவிடுகிறது. புரோகிராம் கோடில் தவறா?

கோடில் இல்லை, வால்வில். ஒற்றைக் காயில் வால்வில் (காயில் என்பது வால்வை நகர்த்தும் மின்சுருள்) மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் அதைப் பழைய நிலைக்குத் தள்ளிவிடும். இரட்டைக் காயில் வால்வு கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். பிடிப்பானுக்கு அதுதான் சரி. சும்மா சிக்கனத்துக்காக ஒற்றைக் காயில் வாங்காதீர்கள்.

சிலிண்டரை (காற்று தண்டைத் தள்ளும் உருளை) நடுவில் நிறுத்த, நடுநிலை மூடிய மூன்று நிலை வால்வு போடலாமா?

எனக்குப் பிடிக்காத யோசனை. காற்று அமுங்கும், அதனால் சுமை மாறினால் கை மேலும் கீழும் ஆடும். அதைவிடப் பெரிய பிரச்சினை, அந்த வால்வு சிலிண்டரின் இரு பக்கத்துக் காற்றையும் அடைத்துவைக்கும். விதியோ, கையால் திறக்கும் வெளியேற்றும் வால்வு தேங்கிய அழுத்தம் முழுவதையும் வெளியே விட வேண்டும் என்கிறது. இன்ஸ்பெக்டர் அதைத் திறந்து, கேஜ் (அழுத்தமானி) பூஜ்யத்துக்கு வந்த பிறகும் சிலிண்டர் விறைப்பாக இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த வால்வு வேண்டும்தான் என்றால் அந்தப் பகுதிக்கும் ஒரு வெளியேற்றும் வால்வு வையுங்கள். நடுவில் நிற்க வேண்டிய வேலையை மோட்டாருக்குக் கொடுப்பதே நல்லது.

வேகத்துக்காக இரண்டு வால்வுகளின் வெளியீட்டை ஒரே சிலிண்டருக்கு இணைக்கலாமா?

கூடாது. ஒரே வால்விலிருந்து டீ (T வடிவ இணைப்பு) போட்டு இரண்டு சிலிண்டர்களுக்குக் கொடுப்பது வேறு, அது சரி.

120, 60, 125 என்று மூன்று எண்கள் சொல்கிறார்கள். எது எதற்கு?

டேங்கில் தேக்குவது அதிகபட்சம் 120 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு). அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் ரெகுலேட்டரைத் தாண்டி சிலிண்டருக்குப் போவது 60க்கு மேல் கூடாது. 125 என்பது கம்ப்ரஸர் அருகே இருக்கும், மிகுதி அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வு திறக்க வேண்டிய அழுத்தம். அந்த ரிலீஃப் வால்வைக் கடையிலிருந்து வந்தபடியே விட்டுவிடாமல், கேஜைப் பார்த்துக்கொண்டே திருகிச் சரிசெய்யுங்கள்.

வால்வின் விளக்கு எரிகிறது, 'டிக்' சத்தம் மட்டும் இல்லை.

முதலில் வோல்டேஜ். 24 வோல்ட் வால்வுக்கு 12 கொடுத்தால் இப்படித்தான் ஆகும். அது சரியென்றால் அழுத்தத்தைப் பாருங்கள். பைலட் வகை வால்வு (காற்றழுத்தத்தின் உதவியால் நகர்வது) நகரவே குறைந்தபட்சக் காற்று வேண்டும். அப்புறம் இணைப்பு மரைகளில் காற்று கசியாமல் சுற்றும் டெஃப்லான் டேப்: முதல் மரையை விட்டுச் சுற்றவில்லையென்றால் அதன் துணுக்கு உள்ளே போய் அடைத்திருக்கலாம்.