மேற்குப் பார்த்த ஹாலுக்கு எந்தத் திரைத்துணி?

வணக்கம். 6 அடி அகல மேற்கு ஜன்னலில் போட்ட பட்டுத் திரை ஒரே வருஷத்தில் மடிப்பு மடிப்பாக வெளுத்து இற்றுப்போகிறது, அடுத்து பருத்தி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போடலாம். கடைக்காரரைத் திட்ட வேண்டாம், வெயில் பட்டால் பட்டு நூல் அப்படித்தான்.

ஆனால் பருத்தியும் வெளுக்கும். அதனால் பின்பக்கம் வெள்ளை அல்லது சந்தன நிறத்தில் லைனிங் கட்டாயம். வெயிலை அது வாங்கிக்கொள்ளும். நைந்துபோனால் அதை மட்டும் மாற்றினால் போதும். கரூர்க் கைத்தறியில் கனமான துணியாகப் பாருங்கள்.

தைக்கக் கொடுக்கும் முன் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள். நான் இதைச் செய்யாமல் விட்டேன். முதல் சலவையிலேயே 7 அடித் திரை இரண்டு அங்குலம் மேலேறி, வளர்ந்த பெண்ணுக்குப் போட்ட பழைய பாவாடை மாதிரி தொங்கியது!

அப்புறம் அளவு. 6 அடி கம்பிக்கு 12 அடி அகலத் துணியாவது வேண்டும், இல்லாவிட்டால் மூடும்போது மடிப்பே விழாது. வளையம் வைத்துத் தைப்பதானால் ஒவ்வொரு திரைக்கும் இரட்டைப்படையில் வைக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் இரண்டு ஓரமும் சுவர்ப் பக்கமாகத் திரும்பி நிற்கும். அடிமடிப்பு நான்கு அங்குலம் இருக்கட்டும், பின்னால் பிரித்துவிட உதவும்.

குஞ்சம், ஜரிகை பார்டர் எல்லாம் தூசிதான் சேர்க்கும். என்னைக் கேட்டால் வேண்டாம். குஷன் உறைக்குத் திரையில் மிஞ்சும் துணியே போதும்.