மனச்சிதைவு நோய்க்கு ‘ஒரு ஜீன்’ ஏன் அகப்படவில்லை?

“மாமாவுக்கு மனச்சிதைவு நோய். எந்த ஜீன் என்று ரத்தம் எடுத்துப் பார்க்க முடியாதா? ஏதோ ஜீன் வலைப்பின்னல் என்கிறார்களே?” என்று அம்பாசமுத்திரத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்.

முடியாது. டாக்டர் இன்றும் பேசிப் பார்த்து, வீட்டாரிடம் விசாரித்துத்தான் நோயைச் சொல்கிறார். 2022-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு, சுமார் 76,000 நோயாளிகளின் மரபணுக்களை அலசி, நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. சரி, இத்தனையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வலைப்பின்னல் அங்கேதான் வருகிறது.

உங்கள் பக்கத்துக் கன்னடியன் கால்வாயையே எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் திறந்தால் அதை நம்பியிருக்கும் குளங்கள் சேர்ந்து ஏறும், அடைத்தால் சேர்ந்து இறங்கும். கால்வாய் வரைபடமே கையில் இல்லாவிட்டாலும், ஒரு வருஷம் நீர்மட்டத்தைக் குறித்து வைத்தால் எந்தக் குளங்கள் ஒரே கால்வாயைச் சேர்ந்தவை என்று பிடித்துவிடலாம். இறந்தவர்கள் பலரின் மூளைத் திசுவில் ஒவ்வொரு ஜீனும் எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் இப்படித்தான் அளக்கிறார்கள். ஆளுக்கு ஆள் சேர்ந்து கூடிக் குறைபவை ஒரு கூட்டம்; அதுதான் வலைப்பின்னல். ஐப்பசி மழை எல்லாக் குளத்தையும் நிரப்பி நம்மை ஏமாற்றுமே, அதுபோல அங்கே ஏமாற்றுவது அவர்கள் சாப்பிட்ட மாத்திரை. பெரிய தலைவலி அது.

அப்படிப் பார்த்ததில், சிதறிக் கிடந்த ஜீன்களில் பல ஒரே வேலையில் போய்ச் சேர்ந்தன: நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடமான சினாப்ஸ்.