அம்மா புகையிலையை விடுவாரா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. கல்யாணமான நாளிலிருந்து வெற்றிலையோடு புகையிலை போடுகிறார். இப்போது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகத் திட்டு தெரிகிறது. காரம் பட்டால் எரிகிறது. திட்டினால் சுருக்குப்பையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கிறார். சிகரெட்டை விட உதவி செய்கிறார்களாமே, இதற்கும் உண்டா?
– ஒரு வாசகி, வாடிப்பட்டி

பதில்: உண்டு. ஆனால் முதலில் அந்தத் திட்டைக் கவனியுங்கள். இந்த வாரமே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்ப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ளைத் திட்டு எல்லாமே புற்றுநோய் அல்ல. சில நாளடைவில் அப்படி மாறக்கூடும். பழக்கத்தை விட அங்கே மனநலப் பிரிவில் யோசனை கேட்கலாம். பெயரைக் கேட்டதும் அம்மா முறைப்பார். புகையிலையில் இருக்கும் நிக்கோடின் பிடித்துவைத்திருப்பது மூளையை, அதனால்தான் அங்கே போகிறோம் என்று சொல்லுங்கள்.

அடிக்கடி பஸ் ஏற முடியாதென்றால் போன் இருக்கிறது: 1800-11-2356. மத்திய அரசின் இலவச எண். திங்கள் தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை. தமிழில் பேசலாம், மெல்லும் புகையிலைக்கும் ஆலோசனை தருகிறார்கள். புகையிலைப் பாக்கெட்டிலேயே இந்த எண்ணை அச்சடித்திருக்கிறார்கள். பெட்டிக்கடையில் தாளில் மடித்துக் கொடுப்பதில் எங்கே இருக்கும்!

பேச வேண்டியது அம்மா, நீங்கள் அல்ல. போனைக் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் வாய் என்றெல்லாம் கேட்பார்கள். மகள் பக்கத்தில் நின்றால் பாதிதான் சொல்வார். விடுவதற்கு நாள் குறித்தபின் அவர்களே கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

முதல் இரண்டு மூன்று நாள்தான் மோசம். எரிச்சல், தூக்கமின்மை, மலச்சிக்கல் எல்லாம் வரும். சில வாரங்களில் அடங்கிவிடும். இந்தத் தவிப்பைத் தணிக்க நிக்கோடின் கலந்த சூயிங்கம் உண்டு. அதை மென்றுகொண்டே இருக்கக் கூடாது. சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். இந்த வித்தையை அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! ஆனாலும் வாய்ப்புண்ணுக்கு அது ஒத்துவருமா என்று மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

'போயிலையை விட்டுர்றேன், பாக்கு மட்டும் போட்டுக்கிறேன்' என்று பேரம் பேசுவார். ஒத்துக்கொள்ளாதீர்கள். பாக்கு தனியாகவே வாய்ப் புற்றுநோயைக் கொண்டுவரும். சோழவந்தான் வெற்றிலை 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அதன்மேல் எனக்கு வழக்கில்லை. ஆனால் அதை எடுத்துக் காம்பு கிள்ளினாலே கை புகையிலையைத் தேடும். ஆரம்பத்தில் சோம்போ ஏலக்காயோ போதும். சாயங்காலம் திண்ணைக்கு வெற்றிலைப் பெட்டியோடு வரும் சிநேகிதிகளிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.