மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் நேரத்துக்கு வராதபோது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

செய்தி வரவில்லை என்று எழுதும் வாசகர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அது எதுவரை வந்து நின்றது? அனுப்பியவரின் ஃபோனிலா, சர்வரிலா, நெட்வொர்க்கிலா, உங்கள் ஃபோனுக்கு உள்ளேயா என்பது தெரியாமல் செட்டிங்ஸைக் கிளறினால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

கேள்வி: காலையில் வந்திருக்க வேண்டிய மின்னஞ்சல்கள், நான் செயலியைத் திறந்த பிறகே மூட்டையாக வந்து விழுகின்றன. கணினியில் அவை உரிய நேரத்தில் இருக்கின்றன. ஏன்?

பதில்: கணினியில் உரிய நேரத்தில் தெரிகிறது என்றால், சர்வர்வரை அஞ்சல் ஒழுங்காக வந்துவிட்டது, உங்கள் ஃபோன்தான் அதை எடுக்கவில்லை. 2015இல் வெளியான ஆண்ட்ராய்டு 6 முதல், திரை அணைந்து அசையாமல் கிடக்கும் ஃபோன் தூக்கத்துக்குப் போய்விடுகிறது. இடையிடையே சிறிது நேரம் மட்டும் விழித்து, செயலிகளின் தேங்கிய வேலைகளை முடித்துக்கொண்டு மறுபடியும் உறங்கிவிடும். கூகுளின் அறிவிப்புச் சேவை வழியாக அவசரம் என்ற குறிப்புடன் வரும் தகவல் இந்தத் தூக்கத்தைக் கலைக்கும். சர்வருடன் தானே தொடர்பு வைத்துக்கொள்ளும் அஞ்சல் செயலிகள் காத்துக்கிடக்க வேண்டியதுதான். செட்டிங்ஸில் அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதிக்குச் சென்று, கட்டுப்பாடு இல்லாத நிலைக்கு மாற்றுங்கள். சில தயாரிப்பாளர்கள் இதற்கு மேலும் தங்களுடைய பேட்டரி சேமிப்பு ஏற்பாடு ஒன்றை வைத்திருப்பார்கள். ‘உறங்கும் செயலிகள்’ என்பது போன்ற பட்டியல் இருந்தால் அதிலிருந்தும் நீக்க வேண்டும்.

ஐஃபோனின் மெயில் செயலியில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்திருந்தால், அஞ்சல் தானாக வந்து கதவைத் தட்டாது. குறித்த இடைவெளியில் ஃபோன்தான் போய்ப் பார்த்துவர வேண்டும், அதற்கான மிகக் குறைந்த இடைவெளி 15 நிமிடம். அதைத் தானியங்கி நிலையில் விட்டிருந்தாலோ, சார்ஜ் ஏறிக்கொண்டு வைஃபையிலும் இருக்கும்போது மட்டுமே பின்னணியில் அஞ்சல் எடுக்கப்படும். உடனடியாக வேண்டுமென்றால் ஜிமெயிலின் சொந்தச் செயலியைப் போட்டுக்கொள்வதே நல்லது. பேட்டரிச் சின்னம் மஞ்சளாக இருக்கிறதா என்றும் பாருங்கள்: குறைந்த மின்சக்தி நிலையில் இந்த வேலைகள் நிறுத்தப்படும். அந்த மஞ்சளைக் கவனிக்காமல் அரை நாள் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் பார்த்தவன் நான்.

கேள்வி: தமிழில் அனுப்பும் குறுஞ்செய்தி சிலருக்குத் துண்டு துண்டாகப் போகிறது, கட்டணமும் இரண்டு மூன்று செய்திக்குப் பிடிக்கப்படுகிறது. ஆங்கிலத்தில் அப்படி ஆவதில்லையே?

பதில்: ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட், ஒரு பைட் என்பது 8 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும் என்பதால் அதில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழுக்கு வழக்கமாக ஓர் இடத்துக்கு 16 பிட் வேண்டியிருப்பதால் 70 இடங்கள்தான் கிடைக்கும். அந்த இடங்களும் நாம் எண்ணுவதுபோல் எண்ணப்படுவதில்லை. ‘மின்னஞ்சல்’ என்பது நமக்கு ஆறு எழுத்து. ஃபோனுக்கோ இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே இடம் பிடிப்பதால் பத்து. 70ஐத் தாண்டிவிட்டால் செய்தி துண்டாகும். எந்தத் துண்டு எத்தனையாவது என்ற குறிப்பும் உடன் செல்ல வேண்டியிருப்பதால், ஒவ்வொன்றிலும் 67 இடங்களே எஞ்சும். துண்டுகள் தனித்தனியாகப் பயணம் செய்கின்றன. ஒன்று பின்தங்கினால், பெறும் ஃபோன் மற்றவற்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும், அல்லது இருப்பதை மட்டும் காட்டும். நீளமான ஆங்கிலச் செய்தியின் கடைசியில் ஒரே ஒரு எமோஜியைச் சேர்த்தாலும் முழுச் செய்தியும் 70 இடக் கணக்குக்கு மாறிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: அழைப்புகள் வருகின்றன, ஓடிபி மட்டும் வருவதில்லை, வந்தாலும் காலாவதியான பிறகே வருகிறது.

பதில்: குறுஞ்செய்தி நேராக உங்களிடம் வருவதில்லை. நெட்வொர்க்கின் செய்தி மையம் அதை வாங்கி வைத்து, உங்கள் ஃபோன் கிடைக்கும்போது அனுப்புகிறது. கிடைக்காவிட்டால் சற்று நேரம் கழித்து மீண்டும் முயலும். விமான நிலையை (ஏர்பிளேன் மோட்) இயக்கி, அரை நிமிடம் கழித்து அணைத்தால், ஃபோன் நெட்வொர்க்கில் புதிதாகப் பதிவாகும். தேங்கியிருப்பவை பெரும்பாலும் அப்போது வந்துவிடும். மெசேஜஸ் செயலியின் ஸ்பேம் பகுதியையும் தடுக்கப்பட்ட எண்களின் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். மீண்டும் அனுப்பு என்பதை அடுத்தடுத்து அழுத்த வேண்டாம்: புதிய எண் பிறந்ததும் பழையது பெரும்பாலும் செல்லாததாகிவிடும், பிறகு மூன்றும் ஒன்றாக வந்து சேர்ந்து குழப்பும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாமதிக்கக் கூடாது. நன்றாக இருந்த ஃபோனில் சிக்னலே திடீரென்று மறைந்து, மறுதொடக்கம் செய்தும் திரும்பாமல் இருந்தால், யாரோ உங்கள் எண்ணுக்கு வேறு சிம் வாங்கியிருக்கக்கூடும். வேறு ஃபோனிலிருந்து உடனே சேவை நிறுவனத்தையும் வங்கியையும் அழையுங்கள்.

கேள்வி: ஐஃபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு மாறினேன். ஐஃபோன் வைத்திருக்கும் நண்பர்களின் செய்திகள் மட்டும் எனக்கு வருவதில்லை.

பதில்: உங்கள் எண் இன்னும் ஆப்பிளின் சொந்தச் செய்திச் சேவையான ஐமெசேஜில் பதிவாகியிருக்கிறது, அவர்கள் அனுப்புவது குறுஞ்செய்தியாக வராமல் அங்கே போய்விடுகிறது. பழைய ஃபோன் கையில் இருந்தால் சிம்மை அதில் போட்டு, ஐமெசேஜை அணையுங்கள். இல்லாவிட்டால் ஆப்பிளின் இணையதளத்தில் எண்ணைப் பதிவிலிருந்து நீக்கும் பக்கம் இருக்கிறது. குறுஞ்செய்தியில் வரும் உறுதிப்படுத்தும் எண்ணை அதில் இட்டால் போதும்.

கேள்வி: அஞ்சலில் இணைக்கலாம் என்று சொல்லும் வரம்பு 25 எம்பி, என் வீடியோ 20 எம்பிதான். ஆனாலும் அவுட்பாக்ஸை விட்டு நகரவில்லை.

பதில்: அஞ்சலில் ஏறும் கோப்பு வெறும் எழுத்துகளாக மாற்றப்படுகிறது, மூன்று பைட் நான்காகிறது. உங்கள் 20 எம்பி அப்படித்தான் ஏறக்குறைய 27 ஆகி, வரம்பைத் தாண்டியது. கிளவுடில் ஏற்றி அதன் லிங்க்கை மட்டும் அனுப்புங்கள். அவுட்பாக்ஸில் கிடப்பதை நீக்கிவிடுங்கள், சில செயலிகளில் அது பின்னால் வரும் அஞ்சல்களையும் மறித்து நிற்கும்.

கேள்வி: ஃபோனில் வந்த அஞ்சல்கள் கணினியில் காணாமல் போகின்றன.

பதில்: ஃபோனில் உங்கள் கணக்கு பாப் முறையில் சேர்க்கப்பட்டிருக்க வேண்டும்; அது சர்வரிலிருந்து அஞ்சலை இறக்கிக்கொண்டு அங்கே அழித்துவிடக்கூடும். ஃபோனில் மட்டும் இருக்கும் அஞ்சல்களை முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்துவைத்த பிறகு, அந்தக் கணக்கை நீக்கி, அஞ்சலைச் சர்வரிலேயே வைத்திருக்கும் ஐமேப் முறையில் சேருங்கள்.