டெங்குத் தடுப்பூசி: மகளுக்குப் போடலாம், மகனுக்கு அவசரம் வேண்டாம்

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. மூன்று வருடத்துக்கு முன் மகள் டெங்கு வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். மகனுக்கு வந்ததாகத் தெரியவில்லை. டிசம்பர் விடுமுறையில் நான்கு கிழமை லண்டனில் அக்கா வீட்டில் தங்கப் போகிறோம். அங்கே புதிய டெங்குத் தடுப்பூசி போடலாம், இல்லாவிட்டால் வாங்கி ஆள் மூலம் அனுப்பிவிடுகிறேன் என்கிறார் அக்கா. ஆனால் பிலிப்பைன்ஸில் இந்த ஊசி போட்ட பிள்ளைகளுக்கு டெங்கு இன்னும் மோசமாக வந்ததாம். மலட்டுத்தன்மை வரும், மரபணு மாறும் என்றும் வாட்ஸ்அப்பில் வருகிறது. மகனுக்கு முட்டை ஒவ்வாது, இழுப்பும் உண்டு. 8 மாதக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் நானும் போடலாமா? காய்ச்சல் வந்தால் இதுவரை பப்பாசி இலைச் சாறும், பாமசியில் தரும் ஐபுபுரூஃபென் சிரப்பும்தான் கொடுத்து வருகிறோம்.

பதில்: பிலிப்பைன்ஸ் கதையில் உண்மை இருக்கிறது, சகோதரி. ஆனால் அது வேறு ஊசி. அந்த ஊசியின் பெயர் டெங்வாக்சியா. 2016இல் அங்கே பாடசாலைப் பிள்ளைகள் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அதைப் போட்டார்கள். முன்பு டெங்கு வராத பிள்ளைக்கு அதைப் போட்டால், பிறகு டெங்கு வரும்போது கடுமையாகும் வாய்ப்புக் கூடுகிறது என்று 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. திட்டம் நின்றது.

ஏன் அப்படி ஆனது? டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு. மற்ற மூன்றுக்கும் சில மாதப் பாதுகாப்புத்தான். அதற்குப் பிறகு வேறொரு வகை வந்தால், முதல் டெங்குவில் உடம்பு உண்டாக்கிய பழைய எதிர்ப்பொருள் அதை அழிக்கப் போதாமல் வெறுமனே ஒட்டிக்கொள்ளும். வைரஸ் வெண்குருதிக் கலத்துக்குள் நுழைய அதுவே வழி செய்து கொடுக்கும். இரண்டாவது டெங்கு முதலாவதை விட ஆபத்தாவது இதனால்தான். டெங்கு வராத பிள்ளையின் உடம்பில் டெங்வாக்சியா அந்த முதல் டெங்குவின் வேலையைச் செய்துவிட்டது. ஏற்கெனவே ஒருமுறை வந்த பிள்ளைகளை அதே ஊசி காப்பாற்றியது.

லண்டனில் உங்கள் அக்கா சொல்வது கியூடெங்கா. வலுவிழக்கச் செய்த இரண்டாம் வகை டெங்கு வைரஸை அடித்தளமாக வைத்துச் செய்த உயிர்த் தடுப்பூசி. 4 முதல் 16 வயது வரையான ஏறத்தாழ 20,000 பிள்ளைகளிடம் எட்டு நாடுகளில் சோதித்தார்கள். அதில் இலங்கையும் ஒன்று. நான்கரை வருட முடிவில் டெங்கு வருவதை 61 சதவீதமும், ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு வருவதை 84 சதவீதமும் குறைத்தது. எனவே ஊசி போட்ட பிள்ளைக்கும் டெங்கு வரலாம்; பெரும்பாலும் வார்டு வரை போகாது.

மகளுக்கு ஒருமுறை வந்துவிட்டது. அடுத்தது இரண்டாவது, ஆபத்தானது அதுதான். அவளுக்குப் போடுங்கள். பிரித்தானியாவிலும் முன்பு டெங்கு வந்து, மீண்டும் டெங்கு உள்ள நாட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் இதைப் பரிந்துரைக்கிறார்கள். போகும்போது அவளுடைய டயக்னோசிஸ் கார்டைக் கையில் கொண்டுபோங்கள். அதில் என்எஸ்1 (டெங்கு வைரஸின் புரதம்) அல்லது ஐஜிஎம் (அண்மைத் தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள்) பொசிட்டிவ் என்று எழுதியிருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். “வைரஸ் காய்ச்சல்” என்று மட்டும் இருந்தால், அந்த நாட்களின் இரத்தப் பரிசோதனைத் தாள்களையும் தேடி எடுங்கள்.

மகன் விஷயம் வேறு. டெங்கு வராத பிள்ளைகளிடம் இந்த ஊசி முதலாம், இரண்டாம் வகைகளுக்கு எதிராக நன்றாக வேலை செய்தது. மூன்றாம் வகைக்கு எதிராகப் பாதுகாப்புத் தெரியவில்லை. நான்காம் வகையில் முடிவு சொல்லப் போதிய நோயாளிகளே சேரவில்லை. இங்கே நான்கு வகையும் சுற்றியிருக்கின்றன. 1,86,000 பேரைப் படுக்கையில் போட்ட 2017ஆம் ஆண்டில் ஓங்கியது இரண்டாம் வகை. அடுத்த அலை எந்த வகை என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. டெங்கு மிகுந்த இடங்களில் 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு, முன்பரிசோதனை இல்லாமலே போடலாம் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அப்படிப்பட்ட இடத்தில் அந்த வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது டெங்கு வந்து போயிருக்கும் என்பதே அந்தக் கணக்கு. அதனால் மகனுக்குப் போடுவது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயண அவசரத்தில் போட வேண்டிய ஊசி அல்ல இது. இங்கே தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தால் தயங்காமல் போடுங்கள்.

“இரத்தத்தில் ஐஜிஜி பார்த்துவிட்டுப் போடலாமே” என்று யாராவது சொல்லக்கூடும். ஐஜிஜி என்பது முன்பு வந்த தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருள். நம் பிள்ளைகளுக்கு 12 மாதத்தில் ஜப்பானிய மூளையழற்சி ஊசி போடுகிறோம். அந்த வைரஸும் டெங்குவும் ஒரே குடும்பம். அந்த ஊசியாலேயே டெங்கு ஐஜிஜி பொசிட்டிவ் காட்டலாம். விரலில் குத்திப் பார்க்கும் கிட்டை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

இரண்டு ஊசி, மூன்று மாத இடைவெளி. நீங்கள் நிற்பதோ நான்கு கிழமை. மகளுக்கு இரண்டாவதை எங்கே போடுவது என்பதை முதலாவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு முன் போடக் கூடாது. பிந்தினால் பரவாயில்லை, முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

அக்கா வாங்கி ஆள் மூலம் அனுப்புவது மட்டும் வேண்டவே வேண்டாம். குப்பியில் இருப்பது வெள்ளைத் தூள், அதனுள் உயிருள்ள வைரஸ். தயாரித்த இடத்திலிருந்து கையில் ஏற்றும் வரை 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து, விமானத்தில் பன்னிரண்டு மணித்தியாலம், பிறகு கட்டுநாயக்காவிலிருந்து காரில் வரும் குப்பி, பார்க்க அப்படியே இருக்கும். உள்ளே வைரஸ் செத்திருக்கலாம். ஊசி போட்டோம் என்ற நம்பிக்கை மட்டும்தான் மிஞ்சும்.

மலட்டுத்தன்மை, மரபணு மாற்றம் இரண்டும் பொய். அந்தச் செய்திகளை அழித்துவிடுங்கள், இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். இந்த ஊசி முட்டையில் தயாரிப்பதல்ல. இழுப்புக்கு இன்ஹேலர் பாவிப்பது தடையில்லை. பிரெட்னிசலோன் கூடிய அளவில் இரண்டு கிழமைக்கு மேல் குடித்திருந்தால், நிறுத்தி நான்கு கிழமை கழியட்டும். பால் கொடுக்கும்போதும் கர்ப்பத்திலும் இது கூடாது. ஆகவே உங்களுக்கு இப்போது இல்லை. போட்ட பின் கைநோவும் இலேசான காய்ச்சலும் வரலாம், தானாகப் போய்விடும்.

இனி, கடிதத்தில் என்னை உண்மையில் பயமுறுத்திய வரி: ஐபுபுரூஃபென். டெங்குக் காய்ச்சலில் ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனக், மெஃபனமிக் அசிட், அஸ்பிரின் எதுவும் கொடுக்கக் கூடாது. குளிசையாகவும் கூடாது, சிரப்பாகவும் கூடாது, பின்வழி வைக்கும் மருந்தாகவும் கூடாது. குருதிச் சிறுதட்டு (பிளேட்லெட்) குறைந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு அவை வயிற்றில் இரத்தக்கசிவை உண்டாக்கும். கொழும்பில் எந்தக் காய்ச்சலையும், இல்லை என்று உறுதியாகும் வரை டெங்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பரசிட்டமோல் மட்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு நான்கு தரத்துக்கு மேல் வேண்டாம். 20 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று இருந்தால் 12.5 மில்லிலீற்றர். காய்ச்சல் இறங்கவில்லை என்று அளவைக் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பப்பாசிச் சாறு டெங்குவின் ஆபத்தைத் தடுக்காது. அதன் கசப்பில் பிள்ளை சத்தியெடுத்தால், சத்தி நோயாலா சாறாலா என்று எங்களுக்கும் தெரியாமல் போகும்.

காய்ச்சல் விட்டதும் பெற்றோர் ஆறுதலடைகிறார்கள். டெங்குவில் பயப்பட வேண்டிய நேரமே அதுதான். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போது, இரத்த நாளங்களிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும். 24 முதல் 48 மணித்தியாலம் அது நீடிக்கும். உடம்பு சுடாது, ஆனால் பிள்ளை எழும்பி விளையாடாது. அப்போது கையைத் தொட்டுப் பாருங்கள்: உள்ளங்கையும் பாதமும் குளிர்ந்திருக்கிறதா? விடாத வயிற்றுக்குத்து, திரும்பத் திரும்பச் சத்தி, தூங்கித் தூங்கி விழுதல் அல்லது காரணமில்லாத எரிச்சல், ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாமை, பல் முரசில் இரத்தம், கறுப்பு மலம். இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். கிளினிக்கில் நம்பர் எடுத்து உட்காராமல் நேரே ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அதுவரை, காய்ச்சலின் மூன்றாம் நாளிலிருந்து தினமும் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முதலில் வெண்குருதிக் கலம் குறையும், பிறகு சிறுதட்டு. சிறுதட்டு ஒரு இலட்சத்துக்குக் கீழே போனால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். வெறும் தண்ணீரை மட்டும் கொடுக்காமல் ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த நீரேற்றக் கரைசல்), இளநீர், கஞ்சி, பால் மாறி மாறிக் கொடுங்கள். சிவப்பு, மண்ணிறப் பானங்கள் வேண்டாம், சத்தியில் இரத்தம் மறைந்துவிடும். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தது, எத்தனை முறை சலம் போனது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். வார்டில் முதலில் கேட்பது அதைத்தான்.

மகளுக்கு இரண்டு ஊசியும் போட்டு முடித்த பிறகும் இதே கவனம் வேண்டும். காய்ச்சலோடு எந்த வைத்தியரிடம் போனாலும் டெங்கு ஊசி போட்டிருப்பதைச் சொல்லுங்கள். இனி அவளுக்கு ஐஜிஜி எப்போதும் பொசிட்டிவ்வாகவே வரலாம். என்எஸ்1ஐயும் இரத்த அளவுகளையும் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.