கப்பலையா செய்கிறீர்கள், மாடலையா?

வாசகர் கேள்வி பதில்: கணினிப் பட்டறை

கேள்வி: வணக்கம் அண்ணே. பழைய ஸ்டார் டிரெக் தொலைக்காட்சித் தொடரில் வரும் எண்டர்பிரைஸ் விண்கப்பலை மூன்று மாதமாக பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்துகொண்டிருக்கிறேன். ஜன்னல்களை வெட்டியதும் கப்பலின் முன்பக்க வட்டத் தட்டு முழுக்க ஒடுக்கு விழுந்த மாதிரி தெரிகிறது. வெறிச்சென்று இருக்கிறதே என்று குழாய், பெட்டி எல்லாம் ஒட்டிப் பார்த்தேன். அப்படியும் பொம்மை மாதிரிதான் இருக்கிறது. கோப்பை அனுப்பியிருக்கிறேன். எங்கே தவறு?
- கல்லூரி மாணவர், தேவகோட்டை

பதில்: தம்பி, கோப்பைத் திறந்து ஒரு மாலை முழுவதும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்ல உழைப்பு. ஆனால் நீங்கள் செய்வது கதையில் பறக்கிற கப்பலையா, ஸ்டூடியோவில் தாங்கியின் மேல் நின்ற மாடலையா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. பாதி அது, பாதி இது என்று இருக்கிறது. பொம்மைத்தனம் அங்கிருந்துதான் வருகிறது.

கதைப்படி கப்பலின் நீளம் 947 அடி, அதாவது 289 மீட்டர். படப்பிடிப்புக்காக 1964-ல் மரம், பிளாஸ்டிக், உலோகத் தகடு கொண்டு செய்த பெரிய மாடல் 11 அடிக்குக் கொஞ்சம் மேல். சுமார் 84 மடங்கு வித்தியாசம். அந்த மாடலின் தட்டின் மேல் மெல்லிய பென்சில் கோடுகள் உண்டு. ஒரு கோடு அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், கப்பல் கணக்கில் 4 சென்டிமீட்டர்தான். உங்கள் கோப்பில் அதே கோட்டை 30 சென்டிமீட்டர் அகலப் பள்ளமாக வெட்டியிருக்கிறீர்கள். கையளவுப் பொருளில்தான் இடுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியும். பள்ளத்தை எடுத்துவிட்டு, வண்ணத்தில் மெல்லிய கோடாகப் போடுங்கள்.

நான் மாடலைத்தான் செய்யச் சொல்வேன். அது கண்ணெதிரே இருக்கிற பொருள். 1974-ல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. செப்பனிட்டு, 2016-ல் வாஷிங்டன் வான்வெளி அருங்காட்சியகத்தில் மறுபடி பார்வைக்கு வைத்தார்கள். சந்தேகம் வந்தால் புகைப்படத்தைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த மாடலை வலப்பக்கத்திலிருந்தே படம் பிடித்தார்கள். முதலில் அதில் விளக்குகள் கிடையாது. பிறகு விளக்கு வைத்தபோது கம்பிகள் எல்லாம் இடப்பக்கம் வழியாகத்தான் வெளியே போயின. அதனால் அந்தப் பக்கம் முடிக்கப்படாமலே இருந்தது. இடப்பக்கம் தெரிய வேண்டிய காட்சிக்கு எழுத்துகளைக் கண்ணாடிப் பிம்பமாக ஒட்டிப் படமெடுத்து, ஃபிலிமைத் திருப்பிப் போட்டார்கள். நீங்களோ ஒரு பாதியை மறுபாதியில் அப்படியே பிரதிபலிக்கிற மிரர் வசதியைப் போட்டு அந்தப் பக்கத்தை உருவாக்கியிருக்கிறீர்கள். கப்பலின் 1701 என்ற எண் கண்ணாடியில் பார்த்த மாதிரி நிற்கிறது! எண்களையும் எழுத்துகளையும் மிரருக்கு வெளியே தனியாக வையுங்கள்.

அப்புறம், ஒட்டிய குழாய், பெட்டிகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். வடிவமைத்த மேட் ஜெஃப்ரீஸ் விமானங்களோடு பழகியவர். பழுது பார்க்க வேண்டிய இயந்திரம் கப்பலுக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியே வழவழப்பாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த வெறிச்சிடல்தான் இந்தக் கப்பலின் அழகு. அதை மூடாதீர்கள்.

இனி ஒடுக்கு. எங்கள் அப்பா காரைக்குடியில் கடைசல் பட்டறை வைத்திருந்தார். கட்டில் கால் கடையும்போது அதன் பாதி வளைவைத் தகரத்தில் வெட்டி வைத்துக்கொள்வார். சுற்றுவதை நிறுத்தி, தகரத்தை மரத்தின் மேல் வைத்துப் பார்ப்பார். நடுவே வெளிச்சம் தெரிந்தால் உளி மறுபடி மரத்தைத் தொடும். உங்கள் தட்டும் கடைசல் வேலைதான். அந்தத் தகரம் மாதிரி ஒரே ஒரு பாதி வளைவை மட்டும் வரையுங்கள். வளைவை அச்சைச் சுற்றிச் சுழற்றி வடிவமாக்கும் ஸ்க்ரூ மாடிஃபையரில் ஏற்றத்தை 0 ஆக்கி, 360 பாகையில், 192 படிகளில் சுற்றுங்கள். நீங்கள் வட்டத்தைக் கையால் இழுத்து இழுத்துச் செய்திருப்பதால் வளைவு இடத்துக்கு இடம் மாறுகிறது.

ஜன்னலைப் பூலியனால் (ஒரு வடிவத்தால் இன்னொன்றை வெட்டும் கருவி) வெட்டிவிட்டு அதன் மேல் சப்டிவிஷன் (பரப்பை நுணுக்கமாகப் பிரித்து வழவழப்பாக்கும் கருவி) போட்டிருக்கிறீர்கள். அது துளையைச் சுற்றியுள்ள பரப்பைப் பிடித்து இழுக்கிறது. வரிசையை மாற்றுங்கள்: சப்டிவிஷன் முதலில், பூலியன் பிறகு. அப்போதும் நிழல் கொஞ்சம் நெளியும். அதற்கு, வெட்டாத தட்டின் நகல் ஒன்றை மறைத்து வைத்து, டேட்டா டிரான்ஸ்ஃபர் என்ற மாடிஃபையர் மூலம் அதன் நார்மல்களை, அதாவது பரப்பு எந்தப் பக்கம் நோக்குகிறது என்ற திசைகளை, வெட்டிய தட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒளி, துளையே இல்லாத பரப்பில் விழுவது போல விழும்.

சரியாகிவிட்டதா என்று நேராகப் பார்த்தால் தெரியாது. கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டை அளக்கப் போயிருந்தேன். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. பொழுது சாய்ந்ததும் கொத்தனார் செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தார். பகலில் பளிங்கு மாதிரி இருந்த சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மேடு, அதன் பின்னால் நீளமாக நிழல். பிளெண்டரில் அந்த டார்ச் வேலையைச் செய்வது மேட்கேப், அதாவது ஒளியையும் பளபளப்பையும் தயாராகப் பூசிக் காட்டும் காட்சி முறை. பளபளப்பான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, தட்டை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒளிக்கோடு எங்கே ஒடிகிறதோ அங்கே வேலை பாக்கி.

கேள்வி: என் மகனும் இதேபோல் விண்கப்பல் செய்கிறான். கணினி அடிக்கடி நின்றுவிடுகிறது, புதிது வேண்டும் என்கிறான். வாங்கித் தரலாமா?
- ஒரு தாய், கோட்டையூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் ஆச்சி. பிளெண்டர் இலவசம், செலவு கணினிக்கு மட்டும்தான். ஜன்னல்களை ஷிஃப்ட் டி போட்டு நகலெடுக்கிறானா, ஆல்ட் டி போட்டா என்று கேளுங்கள். முதலாவதில் ஒவ்வொரு ஜன்னலும் தனித்தனியாக நினைவகத்தில் உட்காரும். இரண்டாவதில் நூறு ஜன்னலுக்கும் ஒரே வடிவம் போதும். திரையில் சப்டிவிஷனை 1-க்குக் குறைத்துவிட்டு, கடைசிப் படத்துக்கு மட்டும் 3 வைக்கச் சொல்லுங்கள். அப்படியும் திணறினால் ராமை மட்டும் 16 ஜிபி ஆக்கிக் கொடுங்கள்.